வாசகர் கேள்வி பதில்: ஹீரோவின் மேடையில் எனக்குக் கேபிள் வேலை

கேள்வி: பதினைந்து வருடமாக ஒருவருடைய கிட்டாரைக் கேட்டே வளர்ந்தவன் நான். அடுத்த மாதம் ஓர் இசை விழாவில் அவர் வாசிக்கும் மேடையில் எனக்கு மைக், கேபிள் பொறுப்பு. அவரிடம் போய்ப் பேசலாமா? ஒரு போட்டோ கேட்கலாமா? கை நடுங்கி எதையாவது சொதப்பிவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: சொதப்ப வாய்ப்பு உண்டு. நான் சொதப்பினேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. உயிராய் நினைத்த ஒரு பாடகருக்கு மைக் ஸ்டாண்டை உயரம் பார்த்து வைக்கும் வேலை. அவர் மேடையேறியதும் என்னைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான், கேபிளைச் சொருகினேனா இல்லையா என்பதே மறந்துவிட்டது. முதல் வரி பாடுகிறார், உதடு அசைகிறது, சத்தம் இல்லை. மனிதர் திட்டவில்லை. மைக்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தரையில் கிடந்த ஒயரைக் கண்ணாலேயே காட்டினார். ஓடிப்போய்ச் சொருகினேன், மிக்ஸரில் அந்த மைக்கின் சேனல் திறந்தே இருந்ததால் 'டம்' என்று ஒரு வெடி, முன்வரிசையே துள்ளிவிட்டது. மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் கண்டென்சர் வகை மைக்குக்கு மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் போய்க்கொண்டிருக்கும், சவுண்ட்காரர் சேனலை மியூட் செய்த பிறகுதான் சொருகுவதோ பிடுங்குவதோ. இதெல்லாம் எனக்குத் தெரியும்தான். அந்த நிமிடம் தெரியவில்லை.

அதனால் கேபிளின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி ஒரே எண்ணை எழுதிவையுங்கள். ஒரு முனையில் மட்டும் எழுதிவிட்டு இருட்டில் தவழ்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கிட்டார்களைக் குளிர்ந்த அறையிலிருந்து கடைசி நிமிடத்தில் தூக்கிவராமல் கொஞ்சம் முன்னாலேயே மேடையோரம் கொண்டுவந்து வையுங்கள், விளக்குச் சூட்டில் கம்பி தளர்ந்து சுருதி இறங்கிவிடும். அப்புறம் ஒரு சொல் குழப்பம்: நம் பாடகர்கள் பலர் தங்கள் பாட்டும் வாத்தியமும் தங்களுக்கே கேட்கக் காலடியில் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரையே 'ஃபீட்பேக்' என்பார்கள், "ஃபீட்பேக்கில் கொஞ்சம் வயலின் கொடுங்க" என்று. சவுண்ட்காரருக்கோ ஃபீட்பேக் என்றால் மைக் ஊளையிடுவது. யார் எந்த அர்த்தத்தில் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளாமல் ஓடினால் நடுவில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

பேசுவது பற்றி. சவுண்ட் செக்கில் வேண்டாம், சுருதி கூட்டும்போது வேண்டவே வேண்டாம். அவர் ஏதாவது கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். வாசிக்கத் தொடங்கியதும் இசையில் மயங்காமல் அவர் கையைப் பாருங்கள்: வாத்தியத்தைத் தொட்டு விரலை மேலே காட்டினால் மானிட்டரில் அதைக் கூட்டச் சொல்கிறார், கீழே காட்டினால் குறைக்க. அதைச் சவுண்ட்காரருக்குச் சொல்ல நீங்கள்தான் பக்கத்தில் இருப்பீர்கள். ரசிகனாக அவர் வாசிப்பைக் கேட்க அன்று உங்களுக்கு நேரம் கிடைக்காது, இதை இப்போதே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். போட்டோ எல்லாம் கேபிள் சுற்றி முடித்த பிறகுதான். அதற்குள் அவர் கிளம்பிவிடுவாரே என்பீர்கள், பாதி நாள் அப்படித்தான் ஆகும். எனக்கும் போட்டோ கிடைக்கவில்லை. ஆனால் காரில் ஏறப்போனவர் நின்று, "தம்பி, அடுத்த வாட்டி சொருகிட்டு சிரிங்க" என்றார்.

கேள்வி: கலைஞர்கள் ஒப்பந்தத்தோடு சேர்த்து அனுப்பும் தேவைப் பட்டியலில், அதாவது ரைடரில், பக்கம் பக்கமாக நிபந்தனைகள் இருக்கின்றன. பாதி பந்தா இல்லையா?

பதில்: சிலது பந்தாதான். ஆனால் எது பந்தா என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். வேன் ஹேலன் ராக் குழுவின் 1982 ஒப்பந்தத்தில், மேடைக்குப் பின்னால் எம் அண்ட் எம் மிட்டாய் வேண்டும், ஆனால் பழுப்பு நிறத்தில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. திமிர் என்றுதான் ஊரே பேசியது. எடை, மின்சாரம் பற்றிய விதிகளை யாராவது உண்மையிலேயே படித்தார்களா என்று கண்டுபிடிக்கத்தான் அந்த வரி என்று பாடகர் டேவிட் லீ ராத் பின்னாளில் எழுதினார். பழுப்பு மிட்டாய் கண்ணில் பட்டால் மேடை முழுவதையும் மறுபடி சோதிப்பார்களாம். எனக்கு இந்த ஆள் மேல் மரியாதை வந்ததே அதைப் படித்த பிறகுதான்.

கேள்வி: மேடையோரம் நாள் முழுக்க நின்றால் காது என்ன ஆகும்?

பதில்: கெடும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கு: 85 டெசிபலில் 8 மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் வந்தால் 15 நிமிடம்தான், உங்கள் ஹீரோவின் முதல் இரண்டு மூன்று பாட்டிலேயே அது தீர்ந்துவிடும். பஞ்சு போதாது. நல்ல இயர் பிளக் இரண்டு ஜோடி வாங்குங்கள், ஒன்று எப்படியும் தொலைந்துவிடும்.