வெறும் விவசாயியா?

கேள்வி: சென்னை மாகாணத்தை ஆண்ட ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் வெறும் விவசாயிதானே! அந்தக் காலத்தில் அது நடந்தது. இப்போது எங்கள் வட்டாரத்தில் காய்கறி போடும் ஒருவர் மாநிலச் சட்டமன்றத்துக்கு நிற்கப்போவதாகப் பேச்சு. அவர் போய் என்ன செய்துவிடுவார்?
வாசகர் ஒருவர், சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

பதில்: "வெறும்" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் அது வயிற்றோடு சேர்ந்துதான் வரும். விடியுமுன்னே வெறும் வயிற்றில் ஒரு வாய் வரக்காப்பியை ஊற்றிக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, ஓடியவர் என் அம்மா. பால் வெட்டி, வாளி சுமந்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, பிற்பகலில் லயத்துக்கு, அதான் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் மரவள்ளியும் கத்தரியும் போடுவார். இரண்டு மாடும் வைத்திருந்தார். ஆனால் அவரை விவசாயி என்று ஒருவரும் சொன்னதில்லை. அவர் கொத்திய மண் நிர்வாகத்துடையது, அதனால். செம்பனை நட்டபோது, நாற்றைக் கடிக்கும் என்று மாடுகளை வெளியேற்றச் சொன்னார்கள். விற்றுவிட்டு, அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. "வெறும் தோட்டத்து ஆளுங்க" என்று படித்தவர்கள் எழுதும்போதெல்லாம் இந்தப் பக்கத்தில் சண்டை போட்டிருக்கிறேன். இனியும் போடுவேன்.

சரி, ஓமந்தூரார். திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1947 மார்ச்சில் பொறுப்புக்கு வந்து 1949 ஏப்ரலில் இறங்கினார். சுமார் இரண்டே ஆண்டு. அதற்குள், தீண்டாமைக்கு ஆளானவர்களுக்குக் கோயில் கதவைத் திறக்க ஒரு சட்டம், தேவதாசி முறையைத் தடுக்க ஒரு சட்டம், இரண்டும் 1947லேயே. மறு ஆண்டு ஜமீன் ஒழிப்பு. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே "எஸ்டேட் ஒழிப்பு" என்றுதான் இருக்கிறது. அங்கே எஸ்டேட் என்றால் ஜமீன். உழுகிறவனுக்கும் அரசுக்கும் நடுவில் நின்றவர்களை அது அகற்றியது. மண்ணில் நின்றவருக்கு எதை முதலில் தொட வேண்டும் என்று தெரிந்திருந்தது.

அதே 1948இல் உங்கள் ஊரில் எஸ்டேட் என்ற சொல் எப்படி ஒலித்தது? ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் தோட்டங்களில் வெள்ளைக்கார நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் லயங்களைச் சுற்றி முள்வேலி ஏறியது. அப்புறம் துரைமார்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட, நம் ஆட்கள் மூட்டையோடு சாலைக்கு வந்தார்கள். அதைத் தாங்கமாட்டாமல்தான் உங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளிகள் கட்டிய பணத்தில் தோட்டம் வாங்கிய சங்கம் அது. மண் கையில் இல்லாதவன் பட்ட பாட்டைப் பார்த்த ஊர் சார் உங்களுடையது!

அவர் போய் என்ன செய்வார் என்கிறீர்கள். நம் மலேசிய அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலம் மாநிலத்தின் அதிகாரம். யாருக்குக் கிரான் என்கிற நிலப்பட்டா, யாருக்குத் தற்காலிக உரிமம் என்பது அங்கேதான் முடிவாகிறது. நாடாளுமன்றத்தில் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் கோப்பு மாநிலத் தலைநகர் ஈப்போவில் இருக்கும். ஒரு சட்டமன்ற உறுப்பினர் தனியாளாக நிலம் கொடுத்துவிட முடியாது, அது ஆட்சிக்குழுவின் கையில். ஆனால் எத்தனை ஏக்கர், யாருக்கு, எதற்கு என்று எழுந்து கேட்கலாம். பதில் அவைக்குறிப்பில் ஏறும்.

தற்காலிக உரிமம் டிசம்பர் 31ஓடு முடிந்துவிடும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இது வழக்கறிஞருக்கும் தெரியும்தான். ஆனால் அந்த உரிமத்தில் இருப்பவன் மிளகாய் போடுவான், பலாக்கன்று நடமாட்டான் என்பது காய்கறிக்காரருக்குத்தான் தெரியும். அந்தப் பலாக்கன்றைச் சபையில் பேச ஒருவர் வேண்டும்.

விவசாயி என்பதற்காக மட்டும் அவருக்கு ஓட்டுப் போடச் சொல்லவில்லை. நேரே அவர் கொல்லைக்குப் போங்கள். ஒன்று மட்டும் கேட்டு எனக்கு எழுதுங்கள்: அவர் காய்கறி போடும் நிலம் யார் பேரில் இருக்கிறது?