திரையில் பேய் வந்த கதை: ஆபரேட்டர் பதில்கள்

(சேலத்துத் திரையரங்குகளில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பேய்ப்படங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

உலகின் முதல் பேய்ப்படம் எது?
- கல்லூரி மாணவி, ஆத்தூர்

1896-ல் பிரான்சில் ஜார்ஜ் மெலியே எடுத்த மூன்று நிமிடப் படத்தைத்தான் பெரும்பாலோர் சொல்வார்கள். கோட்டைக்குள் பெரிய வௌவால் ஒன்று பறந்து வரும். சட்டென்று அந்த இடத்தில் சாத்தான் நிற்பான். மெலியே மேஜிக் நடத்தியவர். கேமராவை நிறுத்தி, வௌவாலை எடுத்துவிட்டு, நடிகரை நிற்கவைத்து மறுபடி ஓட்டினார், அவ்வளவுதான். பயமுறுத்துவதைவிட வேடிக்கை காட்டத்தான் எடுத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

நிஜமான பயம் ஜெர்மனியிலிருந்து வந்தது. 1920-ல் வந்த 'டாக்டர் கலிகாரி' படத்தில் வீடெல்லாம் கோணல்மாணலாக இருக்கும். நிழலைக்கூடப் பெயிண்டால் வரைந்தார்கள். 1922-ல் 'நோஸ்ஃபெராட்டு'. டிராகுலா நாவலை அனுமதி வாங்காமல் எடுத்ததால் எழுத்தாளரின் மனைவி வழக்குப் போட்டார். பிரதிகளை அழிக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. தப்பித்த பிரதிகள் இல்லையென்றால், மாடிப்படிச் சுவரில் நீண்ட விரல்களோடு ஏறிப்போகும் அந்த நிழலை நாம் பார்த்திருக்கவே மாட்டோம். ஆளைக் காட்டாமல் நிழலை மட்டும் காட்டினார் அதன் இயக்குநர் முர்னோ. பிறகு வந்த எல்லோருக்கும் அதுதான் பாலபாடம்.

ஏற்காடு போகும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் வளைவைப் பார்த்தேன். பேயைக் காட்டும் தந்திரமெல்லாம் அந்தக் காலத்தில் நம்மவர்களுக்குத் தெரியுமா?
- வாசகர், ஓமலூர்

நன்றாகவே தெரியும். 1940-ல் டி.ஆர்.சுந்தரம் அங்கே எடுத்த 'உத்தமபுத்திர'னில் பி.யு.சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். அன்றைக்கு இரட்டை வேடம் என்றால் லென்ஸில் பாதியை மறைத்து ஒரு பக்கம் எடுப்பார்கள். ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியை மறைத்து, அதே நடிகரை இன்னொரு பக்கம் நிறுத்தி எடுப்பார்கள். எதையும் மறைக்காமல் ஒரே ஃபிலிமில் இரண்டு முறை எடுத்துப் பாருங்கள். சுவர் ஊடே தெரியும்படி ஓர் உருவம் நடந்துவரும். ஆவி வந்துவிட்டது! கேமரா ஒரு மயிரிழை அசைந்தாலும் அத்தனை உழைப்பும் வீண். அதைச் செய்தவர்கள் பலருடைய பெயர் டைட்டிலில்கூட வரவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

எல்லோரும் பயந்ததாகச் சொல்லும் படத்தைச் செல்போனில் பார்த்தேன். பயமே வரவில்லையே?
- வாசகர், சேவாய்ப்பேட்டை

செல்போனில் எப்படி வரும்? பேய்ப்படம் ஓடினால் நான் திரையைப் பார்க்க மாட்டேன். கேபின் துவாரத்தின் வழியாக ஜனங்களைத்தான் பார்ப்பேன். பேய் வந்த பிறகு கத்துவார்கள், சிரிக்கவும் சிரிப்பார்கள். வருவதற்கு முன்னால்தான் முறுக்கு கடிக்கும் சத்தம் நிற்கும், நாற்காலியிலிருந்து கால் மேலே ஏறும்.

அந்த முன்நேரத்தை உண்டாக்குவதில் பாதி வேலை ஒலியுடையது. 1960-ல் வந்த 'சைக்கோ'வின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் நினைத்திருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களை அலறவிட்டுக் காட்டியதும் மனம் மாறினார். அதில் ஓடும் ரத்தம் சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் யாருக்கும் தெரியாது. விளக்கை அணைத்து, நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு மறுபடி பாருங்கள்.

தமிழில் பேய்ப்படம் காமெடியாகிவிட்டதே?
- வாசகி, அஸ்தம்பட்டி

சிரிப்பு தப்பில்லை. 'காஞ்சனா'வில் (2011) அத்தனை சிரிப்புக்கும் நடுவில் ஒரு திருநங்கைக்கு நடந்த அநியாயம் இருக்கிறது. சரத்குமார் அந்தப் பாத்திரத்தைத் துணிந்து செய்தார். நியாயம் கேட்டு வரும் ஆவி நம் ஊருக்குப் பழக்கமானது. ஆனால் பின்னால் வந்த பலர் நியாயத்தை விட்டுவிட்டு மேக்கப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 'யாவரும் நலம்' (2009) பாருங்கள். பாழடைந்த பங்களா கிடையாது. புது ஃப்ளாட், பகல் ஒரு மணி, டிவி சீரியல். சீரியலில் நடப்பது வீட்டிலும் நடக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

ஒன்பது வயது மகன் பேய்ப்படம் பார்த்துவிட்டு ராத்திரி தூங்குவதில்லை. என்ன செய்வது?
- தாய், அம்மாபேட்டை

திட்டாதீர்கள் அம்மா. "பேயெல்லாம் பொய்" என்று சொன்னாலும் தூக்கம் வராது. செல்போனை அசையாமல் ஓரிடத்தில் நிறுத்தி, நீங்கள் சுவரோரம் நிற்பதை அவனையே வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பாஸ் பட்டனை அழுத்தட்டும். நீங்கள் விலகிய பிறகு மீண்டும் எடுக்கட்டும். போட்டுப் பார்த்தால் அம்மா மாயமாகியிருப்பாள். மெலியே செய்ததும் இதுதான். அடுத்து அவனை நிற்கவைத்து நீங்கள் எடுங்கள். இதைப் பகலில் செய்யுங்கள். ராத்திரி டிவியைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவையுங்கள்.