பழைய மோட்டார் ஏன் போனது? வேக்குவம் கிளீனர் கேள்வி-பதில்

கடந்த சில வாரங்களில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேக்குவம் கிளீனர் மோட்டாரைப் பற்றியவை. வீட்டிலேயே மாற்ற முடியுமா என்று கேட்கிறீர்கள். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர்களால் முடியும். ஆனால் பழைய மோட்டார் எதனால் போனது என்று தெரியாமல் புதியதை மாட்டாதீர்கள்.

எட்டு வருட மெஷின். ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது, பக்கத்தில் தட்டினால் மறுபடி ஓடுகிறது. மோட்டாரையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். (வாசகி, கும்பகோணம்)

அவசரப்படாதீர்கள், அம்மா. தட்டினால் ஓடுகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் கார்பன் பிரஷ் மேல்தான். பின்னால் ஸ்பிரிங் வைத்த சிறு கரிக்கட்டை அது. மோட்டாரின் இரு பக்கமும் ஒவ்வொன்று இருக்கும். சுழலும் செம்புப் பட்டைகளில் உரசி மின்சாரத்தைக் கொடுப்பதால் அது தேயத்தான் செய்யும். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்துவிட்டால் ஸ்பிரிங்கின் அழுத்தம் போதாமல் தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கும், பொறி பறக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.

பிரஷ்ஷைக் கழற்றியதும் அந்தச் செம்புப் பட்டைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். காப்பிப் பொடி நிறத்தில் சீராகப் பளபளத்தால் நல்லது. அந்த நிறத்தைச் சுரண்டி எடுக்கக் கூடாது. இடையிடையே பட்டைகள் கருகியிருந்தாலோ, நகத்தை ஓட்டும்போது மேடுபள்ளம் தட்டினாலோ புது பிரஷ் போட்டுப் பயனில்லை, மோட்டார்தான் மாற்ற வேண்டும். எமரித் தாளால் தேய்க்கவே கூடாது. அதன் துகள் பட்டைகளின் இடுக்கில் சிக்கினால் ஷார்ட் ஆகும்.

புது பிரஷ் முதலில் கொஞ்சம் பொறி விடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் உங்கள் மெஷினில் இருந்தால், ஹோஸ் மாட்டாமல், மிகக் குறைந்த வேகத்தில் அரை மணி நேரம் ஓட விடுங்கள். பிரஷ்ஷின் முனை பட்டையின் வளைவுக்கு ஏற்ப அமர்ந்துகொள்ளும்.

பெயிண்ட் வேலை முடிந்து பட்டித் தூளை இழுத்தபோது மோட்டார் எரிந்தது. புதிதாகப் போட்டதும் மூன்றே மாதத்தில் போய்விட்டது. போலி மோட்டாரா? (மதுரை)

எனக்குப் பட்டியின் மேல்தான் சந்தேகம். சுவர்ப் பட்டி, சிமென்ட் தூள், அடுப்புச் சாம்பல் மூன்றுமே மாவை விட நைஸானவை. துணிப்பையின் துளைகளை அடைக்கும். மீதி ஊடுருவி மோட்டாருக்குள் போய் பேரிங்கைத் தின்னும். நீங்கள் மோட்டாரை மாற்றினீர்கள். பழைய பையையும் ஃபில்டரையும் அப்படியே மாட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஹோஸ் முனையைக் கையால் மூடிப் பாருங்கள், சத்தம் கீச்சென்று ஏறும். மோட்டார் திணறுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காற்று வராததால் விசிறிக்குச் சுமை குறைகிறது, அதனால் மோட்டார் இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. அந்தச் சத்தம்தான் அது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தூசி மட்டும் இழுக்கும் மெஷின்களில் உள்ளே வரும் அதே காற்றுதான் மோட்டாரின் காயிலைத் தடவிக் குளிரவைத்து வெளியேறுகிறது. ஃபில்டர் அடைத்தால் அந்தக் காற்றும் நின்றுபோகும், காயில் வெந்துபோகும். பதினைந்து நிமிடத்தில் தானாக நின்று, ஆறியதும் மறுபடி ஓடுகிற மெஷின் இதைத்தான் சொல்கிறது. அப்படி நிறுத்துவது உள்ளே இருக்கும் வெப்பக் காவல். அதை நீக்கிவிட்டு வயரை நேராக இணைத்திருந்த ஒரு மெஷின் என் மேசைக்கு வந்தபோது, காயிலின் வார்னிஷ் தாராக உருகி வழிந்திருந்தது. யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

1000 வாட் மோட்டாருக்குப் பதில் 1400 வாட் போடலாமா? அளவு எப்படிப் பார்ப்பது? (திருநெல்வேலி)

போட வேண்டாம். உங்கள் மெஷினின் சுவிட்சும் பிளக் வயரும் 1000 வாட்டுக்குப் போட்டவை. வீட்டின் 6 ஆம்பியர் பிளக் பாயின்ட்டும் 230 வோல்ட்டில் 1380 வாட்தான் தாங்கும்.

பழைய மோட்டாரைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். விட்டம், மொத்த உயரம், விசிறிக் கூண்டின் உயரம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஈரத்தையும் இழுக்கும் மெஷின் என்றால், குளிர்க்காற்றுக்குத் தனி வழியுள்ள மோட்டார்தான் வேண்டும். மற்றது கச்சிதமாக உட்கார்ந்தாலும் வாங்காதீர்கள். ஈரக்காற்று காயிலுக்குள் போகும்.

மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வயர்களைக் கழற்றுமுன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் விறைத்திருந்தால் புதிது போடுங்கள். அதன் வழியே காற்று கசிந்தால் எந்த மோட்டார் போட்டும் இழுவை வராது.

எங்கள் ஊரில் மிக்சி மோட்டாருக்கெல்லாம் காயில் கட்டித் தருகிறார்கள். இதற்கும் கட்டலாமா? (கோவை)

கட்டும் கைகளின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இந்த ஆர்மேச்சருக்கு, அதாவது மோட்டாரில் காயில் சுற்றிய சுழலும் பாகத்துக்கு, வேண்டாம். நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் ஓடுவது இது. கையால் கட்டும்போது ஒரு பக்கம் துளி எடை கூடினாலும் அதிர்வில் பேரிங் சீக்கிரம் போய்விடும். புது மோட்டாரே வாங்குங்கள். கிறீச்சென்ற சத்தம் மட்டும்தான் தொந்தரவு, காயில் நன்றாக இருக்கிறது என்றால் பேரிங்கை மட்டும் மாற்றலாம்.

அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்த மெஷின். பிளக் மட்டும் மாற்றினால் போதுமா? (தஞ்சாவூர்)

போதாது ஐயா. அது 120 வோல்ட் மோட்டார். 230 வோல்ட்டில் போட்டதும் எரியும். மெஷினின் வாட்டை விட அதிகத் திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அந்தச் செலவுக்கு இங்கேயே ஒன்று வாங்குவது மேல்.

தூசி மட்டும் இழுக்கும் மெஷினால் பேரன் தண்ணீரை இழுத்துவிட்டான். ஒரு நாள் வெயிலில் காய வைத்தோம். ஓட்டிப் பார்க்கலாமா? (கடலூர்)

கூடாது. மேல் மூடி காய்ந்திருக்கும். காயிலின் அடுக்குகளுக்குள் ஈரம் நிற்கும். மோட்டாரை வெளியே எடுத்து, நிழலில் காற்றோட்டமான இடத்தில் மூன்று நாளாவது வையுங்கள். அதன்பிறகும் நீங்களாக ஸ்விட்சைப் போடாமல், வயருக்கும் மோட்டாரின் இரும்பு உடலுக்கும் இடையே மின்கசிவு இருக்கிறதா என்று ஒரு எலெக்ட்ரீஷியனிடம் மெக்கர் (மின்கசிவைக் காட்டும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கசிவு காட்டினால் அந்த மோட்டாரை ஓட்ட வேண்டாம்.