கமாண்ட் லைனுக்கு ஒரு முகம்: புராஜெக்ட் செய்யப் போகிறவர்களின் கேள்விகள்

ஃபைனல் இயர் புராஜெக்டுக்கோ கூகுள் சம்மர் ஆஃப் கோடுக்கோ (கட்டற்ற மென்பொருள் எழுதப் புதியவர்களைச் சேர்க்கும் கூகுளின் திட்டம்), ஏதாவது ஒரு கட்டற்ற மென்பொருளுக்கு ஜியூஐ, அதாவது பட்டனும் மெனுவும் உள்ள இடைமுகம், செய்யலாம் என்று நினைப்பவர்கள் கேட்டவை இவை. பதில் சொல்லும் நான் இப்படிப்பட்ட இடைமுகங்களை எழுதியவன், எழுத வந்த மாணவர்களுக்கு மென்டராகவும் இருந்தவன். நீண்ட கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, நாங்கள் நான்கு பேர். எஃப்எஃப்எம்பெக்குக்கு முழுமையான ஜியூஐ செய்யப் போகிறோம். அதில் உள்ள எல்லா ஆப்ஷனும் வந்துவிடும். ஆறு மாதம் போதுமா?

போதாது. ஆறு வருடம் கொடுத்தாலும் போதாது. வீடியோவையும் ஆடியோவையும் மாற்றித் தரும் கமாண்ட் லைன் கருவியான எஃப்எஃப்எம்பெக்கை ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2000இல் தொடங்கினார். அன்றிலிருந்து ஆப்ஷன்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. அதன் முழு உதவிப் பக்கத்தை டெர்மினலில் ஒருமுறை கொட்டிப் பாருங்கள், ஸ்க்ரோல் பண்ணியே விரல் வலிக்கும். அத்தனைக்கும் ஒரு செக்பாக்ஸ் வைத்தால் டெர்மினலே தேவலை என்றாகிவிடும். டெர்மினலில் வேண்டியதை மட்டும் எழுதினால் வேலை முடிந்தது. உங்கள் விண்டோவிலோ வேண்டாததையெல்லாம் கடந்துதான் வேண்டியதற்குப் போக முடியும்.

ஒரு ஆள், ஒரு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆசிரியை போனில் பாடம் எடுத்திருக்கிறார், ஐந்து நிமிட வீடியோ. அதை 16 எம்பிக்குள் சுருக்கிப் பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டும். அவருக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: எந்த ஃபைல், எவ்வளவு பெரிதாக இருக்கலாம். எஃப்எஃப்எம்பெக் கேட்பதோ பிட்ரேட். நடுவில் உள்ள கணக்குதான் உங்கள் வேலை. 16 எம்பி என்றால் 128 மெகாபிட். 300 விநாடிக்குப் பங்கு போட்டால் விநாடிக்குச் சுமார் 426 கிலோபிட். ஆடியோவுக்கு 64 ஒதுக்கினால் வீடியோவுக்கு 360 சொச்சம் மிஞ்சும், அதிலும் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் பத்திரம். ஆசிரியை பிட்ரேட் என்ற சொல்லையே பார்க்காமல் வேலையை முடித்துவிட்டார் என்றால் உங்கள் புராஜெக்ட் பாஸ்.

இது சின்னதாகத் தோன்றும். செய்து பாருங்கள், நான்கு பேருக்கும் வேலை இருக்கும்.

கேள்வி: 'கன்வெர்ட்' பட்டனை அழுத்தியதும் விண்டோ உறைந்துவிடுகிறது. வேலை முடிந்ததும் தானாக உயிர் வருகிறது. ரிவ்யூவில் இதைக் காட்டினால் மானம் போய்விடும்.

எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி இது. விண்டோவை வரைவதும் கிளிக்கைக் கவனிப்பதும் ஒரே லூப். பட்டனுக்கான ஃபங்ஷனுக்குள்ளேயே எஃப்எஃப்எம்பெக்கை ஓட்டி, அது முடியும்வரை காத்திருக்கிறீர்கள். கல்லாவில் இருப்பவரே அடுப்படிக்குப் போய் தோசை சுட ஆரம்பித்த கதை. வாசலில் வரிசை நிற்கும், காசு வாங்க ஆளிருக்காது.

ஜியூஐ எழுத நீங்கள் எடுத்த நூலகம் க்யூடி என்றால் க்யூபுராசஸ், ஜிடிகே என்றால் ஜிஐஓவின் சப்புராசஸ். ஓடவிட்டுவிட்டு, செய்தி வரும்போது மட்டும் கவனிக்கும் ஏற்பாடு இரண்டிலும் தயாராக இருக்கிறது. கமாண்டை ஒரே நீளச் சரமாக ஒட்டி ஷெல்லிடம் கொடுக்காதீர்கள், ஒவ்வொரு ஆர்க்யுமென்ட்டையும் தனித்தனியாகப் பட்டியலில் கொடுங்கள். இல்லையென்றால் பெயரில் இடைவெளி உள்ள முதல் ஃபைலிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

முன்னேற்றப் பட்டைக்கு, டெர்மினலில் ஓடும் அந்த ஒற்றை வரியைப் பிய்த்துப் படிக்க வேண்டாம். 'புராகிரஸ்' என்றே ஒரு ஆப்ஷன் உண்டு, பெயரும் மதிப்புமாக வரி வரியாகத் தரும். அதில் ஒரு வேடிக்கை: 'அவுட் டைம் எம்எஸ்' என்று ஒரு வரி வரும். எம்எஸ் என்றால் மில்லிசெகண்ட் என்றுதானே நினைப்போம்? வருவது மைக்ரோசெகண்ட். இதை நம்பிக் கணக்குப் போட்டு, என்னுடைய பட்டை ஒரு விநாடிக்குள் நூறு சதவீதத்தைத் தாண்டிப் போனது. ஒரு மாலை முழுக்க என் நிரலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம், 'கேன்சல்' பட்டன். பாதியில் நிறுத்தினால் அரைகுறை ஃபைல் ஒன்று கிடக்கும், பயனர் அதை நல்ல ஃபைல் என்று நம்பி அனுப்பிவிடுவார். தற்காலிகப் பெயரில் எழுதுங்கள். முழுதாக முடிந்தால் மட்டும் உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள்.

கேள்வி: கிட் (ஃபைல்களில் செய்த மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் மென்பொருள்) கற்றுக்கொள்ளும் முதலாமாண்டு மாணவர்களுக்காக ஒரு கருவி செய்கிறோம். 'கிட் ஸ்டேட்டஸ்' தருவதைப் படித்துப் பட்டியலாகக் காட்டுகிறோம். ஆனால் தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் எல்லாம் எண்களாக வருகின்றன. என்கோடிங் பிரச்சினையா?

என்கோடிங் சரியாகத்தான் இருக்கிறது. ஆங்கிலம் அல்லாத எழுத்து பெயரில் இருந்தால், கிட் இயல்பாக அந்த எழுத்தின் ஒவ்வொரு பைட்டையும் எண்ம (ஆக்டல்) முறையில் எழுதி மேற்கோளுக்குள் போட்டுவிடும். 'தேர்வு' என்ற பெயரின் முதல் எழுத்தான 'த' மட்டும் 340, 256, 244 என்று மூன்று எண்ணாக வரும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு. அந்த எண்களை எழுத்தாக மாற்ற நீங்களே கோடு எழுத ஆரம்பித்திருந்தால் அழித்துவிடுங்கள். 'இசட்' ஆப்ஷனைக் கொடுத்தால் பெயர்கள் உள்ளபடியே வரும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு வெற்று பைட் இருக்கும்.

அதைவிட முக்கியம்: மனிதர் படிப்பதற்கான வெளியீட்டை நிரல் படிக்கக் கூடாது. பதிப்புக்குப் பதிப்பு வாசகம் மாறும், கணினியின் மொழி மாறினாலும் மாறும். 'போர்சலின்' என்ற ஆப்ஷன் தருவது நிரல்களுக்கான நிலையான வடிவம். (பீங்கான் என்று பெயர் வைத்தால் அழகாகக் காட்டும் என்றுதான் தோன்றும். கிட்டில் பெயர்கள் இப்படித்தான், பழகிக்கொள்ளுங்கள்.)

கேள்வி: டிகேஇன்டர், க்யூடி, ஜிடிகே, எலக்ட்ரான். எதை எடுப்பது?

நான்கு பேரில் யாருக்காவது ஏற்கனவே தெரிந்தது எதுவோ அதை. அதற்கு முன் ஒரு சோதனை. ஒரு லேபிளில் 'கொக்கு' என்று போட்டு, லினக்ஸில் ஓட்டிப் பாருங்கள். டிகேஇன்டருக்கு அடியில் இருக்கும் டிகே 8.6, அங்கே எழுத்துகளை ஒழுங்காகக் கோத்து வரையாது. கொம்பு ககரத்துக்கு முன்னால் போய் உட்கார வேண்டிய இடத்தில் தடுமாறும். க்யூடியும் ஜிடிகேயும் இந்த வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்திடம் விட்டுவிடுகின்றன, சரியாக வரும். தமிழ் காட்ட வேண்டிய கருவி என்றால் இந்த ஒன்றே டிகேஇன்டரை வெளியே அனுப்பிவிடும்.

பைத்தானில் க்யூடி என்றால் லைசென்ஸைப் பாருங்கள். பைக்யூடி ஜிபிஎல் (வெளியிட்டால் உங்கள் கோடையும் திறந்து கொடுக்கச் சொல்லும் உரிமம்) அல்லது காசு, பைசைடு எல்ஜிபிஎல் (அந்தக் கட்டாயம் தளர்ந்தது). ஒவ்வொரு கருவியோடும் ஒரு முழு பிரவுசரையே சுமந்து வரும் எலக்ட்ரான் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. உங்கள் கல்லூரி லேபில் உள்ள 4 ஜிபி கணினிக்கும் இருக்காது.

கேள்வி: சார், வைவாவில் "வெறும் ஜியூஐதானே, இதில் அல்காரிதம் எங்கே?" என்று கேட்பார்களே?

கேட்பார்கள். ஜிம்ப் கதையைச் சொல்லுங்கள். 1995இல் பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் இருவரும் படம் திருத்த ஒரு மென்பொருள் எழுதத் தொடங்கினார்கள். பட்டன், மெனு வரைய மோட்டிஃப் என்ற நூலகத்தைப் பயன்படுத்தினார்கள். அது அப்போது கட்டற்றதாக இல்லை. அதனோடு மல்லுக்கட்டி வெறுத்துப்போய், மேட்டிஸ் சொந்தமாக ஒரு விட்ஜெட் தொகுப்பு எழுதினார். ஜிம்ப் டூல்கிட், சுருக்கமாக ஜிடிகே. இன்று லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்பின் செயலிகள் நிற்பது அதன் மேல்தான். அதே 1995இல் ட்யூபிங்கனில் மாணவராக இருந்த மத்தியாஸ் எட்ரிச், ஆவணங்களை அச்சுக்கு வடிவமைக்கும் லேடெக்கில் எளிதாக எழுத லிக்ஸ் என்ற முகப்பைத் தொடங்கினார். அடுத்த வருடம் கேடிஇ டெஸ்க்டாப் திட்டத்தையும் அவர்தான் ஆரம்பித்து வைத்தார்.

கதை சொன்னால் மட்டும் மதிப்பெண் விழாது என்பதும் உண்மை. அதனால் ரிப்போர்ட்டில் மூன்றைத் தனி அத்தியாயமாக வையுங்கள்: நிரலின் நிலைகள் (சும்மா இருக்கிறது, ஓடுகிறது, நிறுத்தப்பட்டது, தவறியது) எப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறுகின்றன, 'அன்டூ' எப்படி வேலை செய்கிறது, ஐந்து பேரை உட்கார வைத்துப் பயன்படுத்தச் சொன்னபோது எங்கே தடுக்கினார்கள். மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. செய்தவர்களிடம் அல்காரிதம் பற்றிய கேள்வி வந்து நான் பார்த்ததில்லை.

கேள்வி: டார்க் மோட் வைக்கலாமா?

கடைசி வாரம் மிச்சமிருந்தால்.

கேள்வி: சம்மர் ஆஃப் கோடுக்கு விண்ணப்பிக்க ஆசை. ப்ரொப்போசல் எழுதும்போது எதில் சொதப்புகிறார்கள்?

முதலில் ஒரு தகவல். 2005இல் தொடங்கியபோது மாணவர்களுக்கு மட்டும். 2022 முதல் 18 வயது நிரம்பிய, கட்டற்ற மென்பொருளுக்குப் புதியவரான யாரும் வரலாம். திட்டங்கள் சுமார் 90, 175, 350 மணி நேரம் என்று மூன்று அளவில் இருக்கின்றன.

சொதப்பல் எப்போதும் கால அட்டவணையில்தான். என்னிடம் வந்த ஒரு தம்பி பன்னிரண்டு வாரத்துக்குப் பதினான்கு வசதிகள் எழுதியிருந்தார். நானும் தலையாட்டிவிட்டேன், தப்பு என்னுடையதும்தான். ஆகஸ்டில் கையில் இருந்தது இரண்டு. அந்த இரண்டும் நன்றாக இருந்தன, அதையே முதலில் எழுதியிருந்தால் அவருக்குத் தூக்கமாவது வந்திருக்கும். இரண்டாவது வார முடிவிலேயே, அசிங்கமாக இருந்தாலும், தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓடுகிற ஒன்று இருக்கும்படி திட்டமிடுங்கள். விண்ணப்பிக்கும் முன் அந்தத் திட்டத்துக்கு ஒரு சின்ன பேட்ச்சாவது அனுப்புங்கள், ஒரு பிழைச் செய்தியின் வாசகத்தைத் திருத்தினாலும் போதும். மெயின்டெய்னருக்கு உங்கள் பெயர் தெரிந்திருக்கும்.

கேள்வி: எனக்குப் பார்வை கிடையாது, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்விடிஏ வைத்துத்தான் கணினி பயன்படுத்துகிறேன். மாணவர்கள் செய்யும் கருவிகளில் பாதி "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டுமே வாசிக்கிறது. இதை அவர்களிடம் சொல்வீர்களா?

சொல்கிறேன், உங்கள் கேள்வியையே படிக்கட்டும். படம் மட்டும் உள்ள பட்டனுக்குப் பெயர் கொடுக்காமல் விட்டால் திரைவாசிப்பான் வேறெதை வாசிக்கும்? க்யூடியிலும் ஜிடிகேயிலும் அதற்கு ஒரு வரி கோடு போதும். என்விடிஏவே கட்டற்ற மென்பொருள்தான், பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் தொடங்கியது. லினக்ஸில் அதே வேலைக்கு ஓர்கா இருக்கிறது. மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் டேப் விசையால் மட்டும் உங்கள் கருவியை ஓட்டிப் பாருங்கள், தம்பிகளா. எத்தனை இடத்தில் மாட்டுகிறீர்கள் என்று எழுதி வையுங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் ஜீரோத் ரிவ்யூ. இன்னும் ஒரு வரி கோடு கூட எழுதவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

எழுதாததே நல்லது. நான்கு ஏ4 தாளில் பென்சிலால் திரைகளை வரைந்து, முதல் பதிலில் சொன்ன மாதிரி ஒரு ஆசிரியையிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். "இதில் எங்கே அழுத்துவீர்கள்?" என்று கேளுங்கள். அவர் விரல் போகும் இடத்தைப் பாருங்கள், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். தாளில் அவர் தடுமாறிய இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, அந்தத் தாளையே ரிவ்யூவுக்கு எடுத்துப் போங்கள்.