ஆஸ்திரேலியாவில் யார் குடியேறி?

“பழங்குடியினரைத் தவிர ஆஸ்திரேலியாவில் எல்லோருமே வெளியிலிருந்து வந்தவர்கள்தானே, பிறகு சிலரை மட்டும் ஏன் குடியேறி என்கிறார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். சிட்னியின் மேற்குப் பகுதியில் வசிக்கிறேன், குடியுரிமையும் வாங்கியாகிவிட்டது. எனக்குத் தெரிந்தவரை, வந்த தேதிக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பு குறைவு. சட்டம் எழுதியவர்களுக்கு யார் தங்கள் ஆளாகத் தெரியவில்லையோ, அவர்தான் குடியேறி.

பிரிட்டனின் கைதிக் கப்பல்கள் வந்தது 1788இல். 1901இல் ஆறு காலனிகளும் ஒரே நாடாகச் சேர்ந்தன. புதிய நாடாளுமன்றம் கையோடு நிறைவேற்றிய சட்டங்களில் ஒன்று குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதில் நிறத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அதிகாரி ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களை வாசிப்பார். வந்தவர் பிழையின்றி எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். 1934இல் பல மொழிகள் அறிந்த எகோன் கிஷ் என்ற எழுத்தாளரைத் தடுக்க ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள்! மதராஸ்காரரும் லண்டன்காரரும் அன்று ஒரே மன்னரின் பிரஜைகள். ஆனாலும் தேர்வு யாருக்காக உருவானது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. 1958 வரை அது நீடித்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டிஷ்காரர்கள் பத்தே பவுண்டு கட்டிக் கப்பலேறினார்கள்; மிச்சச் செலவு அரசுகளுடையது. 1984 ஜனவரிக்கு முன் வாக்காளர் பட்டியலில் ஏறிய பிரிட்டிஷ் பிரஜைகள், குடியுரிமை வாங்காமலேயே இன்றும் இங்கே வாக்களிக்கலாம். என் குடியுரிமை விழாவில் அருகில் அமர்ந்திருந்த முதியவர் அப்படிப்பட்டவர். எழுபதுகளிலிருந்து வாக்களித்து வருகிறார். பாஸ்போர்ட்டுக்காக மட்டும் அன்று உறுதிமொழி எடுக்க வந்திருந்தார். ஆங்கிலேயர்களை இங்கே கேலி செய்வார்கள், உண்மைதான். கேலி வேறு, விசாரணை வேறு. லண்டனில் பிறந்து, குழந்தையாகக் கப்பலில் வந்த டோனி அபட், 2013 தேர்தலில் அகதிகள் வரும் படகுகளை நிறுத்துவேன் என்று முழங்கிப் பிரதமரானார். அந்த முரண் பலர் கண்ணில் படவே இல்லை.

இதன் உச்சம், நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்த வழக்கு. பழங்குடி வம்சாவளியினர் இருவர். ஒருவர் பாப்புவா நியூ கினியில் பிறந்தவர், மற்றவர் நியூசிலாந்தில். இருவரிடமும் ஆஸ்திரேலியக் குடியுரிமை இல்லை. குற்ற வழக்கில் சிறை சென்றதால் விசாவை ரத்து செய்து, நாடு கடத்த அரசு முனைந்தது. பழங்குடி ஆஸ்திரேலியரை அரசியல் சட்டத்தின்படி அந்நியராகக் கருத முடியாது என்று தீர்ப்பு வந்தது. அதுவும் நான்குக்கு மூன்று என்ற கணக்கில். ஒரு நீதிபதி மாறியிருந்தால், 1788இல் வந்திறங்கியவர்களின் வாரிசுகள் அமைத்த அரசு, அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே இங்கிருந்தவர்களின் வாரிசை விமானம் ஏற்றியிருக்கும்.

நம்மவர்களும் இதில் விலக்கல்ல. 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து விமானத்தில் வந்தவர்களிலும், வயது, படிப்பு, வேலை என்று மதிப்பெண் போடும் புள்ளிக் கணக்கில் விசா பெற்றுத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களிலும் சிலர், பின்னாளில் படகில் வந்த ஈழத்தமிழரை “வரிசையைத் தாண்டி வந்தவர்கள்” என்று பேசுவதை விருந்துகளில் கேட்டிருக்கிறேன். போருக்குத் தப்பி ஓடுகிறவருக்கு எந்த வரிசை, எந்த ஊரில் இருந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.