பால் ஆலை சிஐபி: கேட்டவர்களுக்குப் பதில்

பைப், டேங்க், பேஸ்சுரைசர் (பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் கருவி) எதையும் கழற்றாமல், உள்ளேயே காஸ்டிக் சோடாவும் ஆசிடும் ஓட்டிக் கழுவும் சிஐபி (கிளீனிங் இன் பிளேஸ்) பற்றி வந்த கேள்விகளுக்கு மொத்தமாக உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிவிட்டேன். நான் பராமரிப்புப் பக்கத்து ஆள், அதனால் கெமிக்கல் விற்பவர்கள் சொல்வதற்கும் நான் சொல்வதற்கும் சில இடங்களில் ஒத்துவராது.

சார், ஈரோடு பக்கம் ஒரு பால் ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். பேனலில் எல்லாம் பச்சை. காஸ்டிக் 1.5 சதவீதம், 75 டிகிரி, 20 நிமிடம். ஆனாலும் பேஸ்சுரைசரைத் திறந்தால் பிளேட்டில் வெள்ளையாக ஒரு படிவு. காஸ்டிக்கைக் கூட்டட்டுமா?

கூட்டாதீர்கள். வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் மாவு போல வருவது பெரும்பாலும் பால் கல், அதாவது கால்சியம் பாஸ்பேட். காஸ்டிக் புரதத்தையும் கொழுப்பையும் கரைக்கும், இந்தக் கல்லை அசைக்காது. அதற்கு ஆசிட்தான் வேண்டும்: நைட்ரிக் 0.5 முதல் 1 சதவீதம், 60 – 65 டிகிரி. ஆசிட்டை வாரம் ஒருமுறை மட்டும் ஓட்டும் ஆலைகள் நிறைய உண்டு. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில் அது போதாது. தண்ணீரின் கடினத்தன்மையும் சேர்ந்து பிளேட்டில் படியும். சூடு ஏறும் பேஸ்சுரைசருக்குத் தினமும் ஆசிட் ஓட்டுவதே நல்லது.

இன்னொன்றும் பாருங்கள். அந்த 75 டிகிரி எந்த சென்சார் சொல்வது? சப்ளை லைனில் இருந்தால் அது ஹீட்டர் நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. கழுவி முடித்துத் திரும்பி வரும் ரிட்டர்ன் லைனில் சூடும் கண்டக்டிவிட்டியும் (கரைசல் மின்சாரம் கடத்தும் அளவு, அதை வைத்துத்தான் கெமிக்கல் எவ்வளவு என்று கணிப்பார்கள்) எவ்வளவு என்பதுதான் கணக்கு. பம்ப் ஓடத் தொடங்கியதும் டைமரும் ஓடத் தொடங்கும்படி புரோகிராம் எழுதியிருந்தால், பைப் சூடாகும் நேரமும் அந்த 20 நிமிடத்துக்குள் போய்விடும். ரிட்டர்ன் சூடு 70-ஐத் தாண்டி, கண்டக்டிவிட்டியும் எட்டிய பிறகே டைமர் ஓட வேண்டும், கீழே இறங்கினால் நிற்க வேண்டும். பிஎல்சி (கழுவலை இயக்கும் கண்ட்ரோலர்) புரோகிராம் எழுதியவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

முதல் அலசலையே கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் செய்தால் காஸ்டிக் மிச்சமாகாதா?

ஆகாது. 60 டிகிரிக்கு மேல் போனால் மிச்சம் இருக்கும் பால் புரதம் வெந்து ஸ்டீலில் ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீர் என்றால் கொழுப்பு உறையும். 45 – 50 டிகிரி சரி. அலசிய தண்ணீர் தெளிவாக வரும்வரை விடுங்கள். இந்த ஒரு கட்டத்தில் அவசரப்பட்டால் பின்னால் வரும் காஸ்டிக் முழுவதும் பாலைக் கழுவியே தீர்ந்துவிடும்.

மீட்டர் காட்டும் காஸ்டிக் அளவும் லேப் டைட்ரேஷனும் ஒத்துவரவே இல்லை. எதை நம்புவது?

டைட்ரேஷனை, அதாவது லேபில் ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதை வைத்து அளப்பதை. கண்டக்டிவிட்டி மீட்டருக்குக் காஸ்டிக் என்றால் என்னவென்று தெரியாது, மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று மட்டும் தெரியும். 1 சதவீதக் காஸ்டிக் 25 டிகிரியில் ஏறத்தாழ 50 மில்லிசீமென்ஸ் காட்டும். சூடு ஒரு டிகிரி ஏறினால் சுமார் 2 சதவீதம் கூடும். ஆக 75 டிகிரியில் அதே கரைசல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காட்டும். மீட்டரில் வெப்ப ஈடு அணைந்திருந்தால், 'போதும், நிறைய இருக்கிறது' என்று நினைத்து டோசிங் பம்ப் (கெமிக்கலை அளந்து விடும் பம்ப்) நின்றுவிடும். உங்கள் டேங்கில் பாதிதான் இருக்கும்.

அது சரியாக இருந்தாலும் கார்பனேட் சிக்கல் ஒன்று உண்டு. திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் காஸ்டிக் காற்றில் இருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சி சோடியம் கார்பனேட் ஆகும். அதுவும் மின்சாரம் கடத்தும், மீட்டரும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும், ஆனால் அழுக்கைப் பெரிதாக எடுக்காது. லேபில் பினால்ப்தலீன் (நிறம் காட்டி) வைத்து நிறம் போகும்வரை ஒரு அளவு, அதன்பின் மெத்தில் ஆரஞ்சு வைத்து முடிவுவரை மொத்த அளவு எடுங்கள். முதல் அளவை இரண்டால் பெருக்கி மொத்த அளவைக் கழித்தால் உண்மையில் வேலை செய்யும் காஸ்டிக் கிடைக்கும். ஷிப்டுக்கு ஒருமுறை செய்தாலே போதும். மீட்டர் நன்றாகக் காட்டியும் இந்தக் கணக்கு இறங்கிக்கொண்டே வந்தால் டேங்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

1000 லிட்டர் டேங்குக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று எளிதாக ஒரு கணக்கு சொல்லுங்கள், அண்ணா.

1.5 சதவீதம் என்றால் 15 கிலோ காஸ்டிக். 48 சதவீத லை (திரவக் காஸ்டிக்) வாங்கினால் 15-ஐ 0.48-ஆல் வகுக்க 31 கிலோ சொச்சம். லை லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை, ஆக 21 லிட்டர் பக்கம். எடைக்கும் லிட்டருக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை மறந்து 31 லிட்டர் ஊற்றுபவர்கள்தான் அதிகம். பிளேக்ஸ் (செதில் வடிவக் காஸ்டிக்) கரைப்பதானால் தண்ணீரில் பிளேக்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பிளேக்ஸ் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

ஊட்டியில் இருக்கிறோம். டிசம்பர், ஜனவரியில் லை டிரம்மில் கட்டியாகி டோசிங் பம்ப் இழுப்பதில்லை.

50 சதவீத லை 12 டிகிரி வாக்கிலேயே உறையத் தொடங்கும், உங்கள் ஊர் இரவு அதற்கும் கீழே போகும். 25 சதவீதத்துக்கு நீர்த்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் குளிருக்கு அது உறையாது. டோசிங் அளவை மறக்காமல் மாற்றுங்கள்.

பம்ப் டக் டக் என்று அடிக்கிறது, கெமிக்கல் மட்டும் போகவில்லை. பெரசெட்டிக் ஆசிட் லைன்.

காற்று அடைத்திருக்கும். கிருமி கொல்ல விடும் பெரசெட்டிக்கும் ஹைப்போவும் (சோடியம் ஹைப்போகுளோரைட்) தானாகவே வாயு விடும் சரக்கு. அது பம்ப் தலையில் தேங்கினால் டயாபிரம் (பம்பைத் தள்ளும் ரப்பர் தகடு) வாயுவை அழுத்தி அழுத்தி விடுமே தவிர திரவத்தைத் தள்ளாது. டிரம்மை பம்புக்கு மேலே வைத்து, சக்ஷனில் (உறிஞ்சும் பக்கத்தில்) எப்போதும் திரவம் நிற்கும்படி செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். வாயுவைத் தானே வெளியேற்றும் பம்ப் தலையும் கிடைக்கிறது. புட் வால்வையும் (உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் வால்வு) பாருங்கள், அதில் ஒரு சின்னக் குப்பை சிக்கினாலும் இதே அறிகுறிதான்.

பம்ப் அடிப்பதும் கெமிக்கல் போவதும் ஒன்றல்ல என்பதைப் பேனல் கண்டுபிடிக்காது. சக்ஷன் பக்கம் ஒரு அளவுக் குழாய் வைத்து, லைனில் உண்மையான அழுத்தம் இருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். வாளியில் விட்டு அளந்த கணக்கு லைனில் நிற்காது.

2 இஞ்ச் லைன் நன்றாகக் கழுவப்படுகிறது. புதிதாகச் சேர்த்த 3 இஞ்ச் துண்டில் மட்டும் ஸ்வாப் சோதனை (துடைத்தெடுத்துச் சுத்தம் பார்ப்பது) தோற்கிறது. ஒரே காஸ்டிக்தானே போகிறது?

காஸ்டிக் ஒன்றுதான், வேகம் ஒன்றல்ல. பைப்பின் சுவரைத் தேய்ப்பது ஓட்டத்தின் வேகம். நொடிக்கு 1.5 மீட்டராவது வேண்டும் என்பது பால் துறையில் பழைய விதி. 2 இஞ்ச் பைப்பில் அதற்கு மணிக்குச் சுமார் 10,000 லிட்டர் போதும். அதே 10,000 லிட்டர் 3 இஞ்சுக்குள் நுழைந்தால் வேகம் நொடிக்கு 0.7 மீட்டருக்கும் கீழே விழும். அங்கே 22,000 லிட்டருக்கு மேல் வேண்டும். பம்ப் அவ்வளவு தராது என்றால் அந்தத் துண்டைத் தனி சர்க்யூட் ஆக்குங்கள், இல்லை 2 இஞ்சாகவே மாற்றுங்கள்.

ஹென்கெல் நிறுவனத்து வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் சொன்ன வட்டத்தில் நான்கு பங்குகள்: நேரம், சூடு, கெமிக்கல், விசை. ஒன்று குறைந்தால் மற்றதைக் கூட்டி ஓரளவு ஈடு கட்டலாம் என்பார்கள். என் அனுபவத்தில் விசை குறைந்தால் கெமிக்கலைக் கூட்டி ஈடுகட்டுவது பணத்தைச் சாக்கடையில் விடுவதுதான்.

பீர் ஆலையில் வேலை. டேங்கைக் காஸ்டிக்கில் கழுவும்போது உள்வாங்கி நசுங்கியது என்று கேள்விப்பட்டேன். நடக்குமா?

நடக்கும், அதுவும் இரண்டு வழியில். டேங்கில் கரியமில வாயு நிறைந்திருக்கும்போது காஸ்டிக் தெளித்தால், அது வாயுவை அப்படியே விழுங்கிவிடும். உள்ளே வெற்றிடம், வெளியே காற்று அழுத்தம், தகடு மடங்கும். இன்னொன்று, வெந்நீரில் கழுவி மூடியிருக்கும் டேங்கில் உடனே குளிர்ந்த நீரைத் தெளிப்பது: ஆவி ஒரே நொடியில் சுருங்கிவிடும். வெற்றிட வால்வு இருக்கும், ஆனால் அதன் வாயில் பிசின் போல ஏதாவது ஒட்டியிருக்கும். வால்வைக் கையால் அசைத்துப் பார்க்காமல் கழுவத் தொடங்காதீர்கள். கரியமில வாயு இருக்கும் டேங்குக்கு ஆசிட் கழுவல்தான் பாதுகாப்பு, காஸ்டிக்தான் வேண்டும் என்றால் முதலில் வாயுவை வெளியேற்றுங்கள்.

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை. கடைசியில் ஹைப்போ ஓட்டுகிறோம், விலை குறைவு. ஆசிட் டிரம்மும் ஹைப்போ டிரம்மும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லவே மாட்டேன். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய அறையில் ஆள் போய்விடும். தனித்தனித் தொட்டிச் சுவர், தனித்தனி நிறக் குழாய், டிரம் மாற்றும்போது தவறாகச் செருக முடியாத வேறு வேறு இணைப்பு, இவ்வளவும் வேண்டும். ஆசிட் ஓடிய லைனை நன்றாக அலசாமல் ஹைப்போ விடுவதும் அதே ஆபத்துதான். புரோகிராமில் நடுவே அலசல் முடிந்தது என்பதை டைமரை வைத்துத் தீர்மானிக்காமல், ரிட்டர்ன் கண்டக்டிவிட்டி தண்ணீர் அளவுக்கு இறங்கியதை வைத்துத் தீர்மானியுங்கள். ஹைப்போவைச் சூடாகவோ நீண்ட நேரமோ விட்டால் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். என் கையில் முடிவு இருந்தால் பெரசெட்டிக் 150 பிபிஎம் (பத்து லட்சத்தில் 150 பங்கு) அல்லது 90 டிகிரி வெந்நீருக்கு மாறிவிடுவேன்.

கேஸ்கெட் மாதா மாதம் போகிறது.

நைட்ரிக் ஓடும் இடத்தில் நைட்ரைல் ரப்பர் போட்டிருப்பீர்கள், அது தாங்காது. இபிடிஎம் ரப்பர் போடுங்கள். நெய், வெண்ணெய் போகும் இடத்தில் மட்டும் இபிடிஎம் உப்பிவிடும், அங்கே வேறு வகை கேளுங்கள்.

தயிர் செய்யும் சின்ன யூனிட், நாளைக்கு 500 லிட்டர் பால். ஆட்டோமேட்டிக் சிஐபி வாங்கலாமா, ஐயா?

இப்போதைக்கு வேண்டாம். ஒரு சூடேற்றும் டேங்க், ஒரு நல்ல பம்ப், கையால் திருப்பும் வால்வுகள் போதும். மிச்சப் பணத்தில் ஒரு டைட்ரேஷன் கிட், ரிட்டர்ன் முனையில் ஒரு தெர்மாமீட்டர், டேங்குக்குள் சரியான ஸ்ப்ரே உருண்டை வாங்குங்கள். அந்த உருண்டைக்கு டேங்கின் சுற்றளவில் மீட்டருக்கு நிமிடம் 30 லிட்டர் வாக்கில் தண்ணீர் போக வேண்டும், அதைப் பார்த்து பம்ப் எடுங்கள். ஒரு டேங்குக்கு மேல் வந்து, ஆள் மாறி மாறிக் கழுவி ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி செய்யும் நிலை வரும்போது ஆட்டோமேஷன் பற்றிப் பேசலாம்.