ரயிலோடு இணைந்த ஓட்டுநரில்லா ஷேர் டாக்சி: எத்தனை பேர் வருவார்கள் என்று எப்படிக் கணக்கிடுவது?

டாக்சியையும் ரயிலையும் தனித்தனியாகக் கணக்கிடாதீர்கள். வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் இடம் வரை ஒரே பயணமாக எடுத்து, கார், பைக், பேருந்தோடு போட்டியிட விடுங்கள். இதற்கு அடிப்படை லாஜிட் (logit) என்ற கணித மாதிரி. ஒவ்வொரு வழியின் நேரம், செலவு போன்றவற்றை வைத்து, எத்தனை பேர் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று அது கணிக்கும். பொருளாதார அறிஞர் டேனியல் மெக்ஃபேடன் 2000-இல் நோபல் பரிசு பெற்றது இந்தத் தேர்வுக் கோட்பாட்டுக்காகத்தான். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் 5 நிமிடத்தைவிடத் தெருவில் காத்திருக்கும் 5 நிமிடம் அதிகம் உறுத்தும். அதற்குத் தனி எடை கொடுங்கள்.

சிக்கலே இனிமேல்தான். ஆட்கள் கூடினால் காத்திருப்பு நீளும். நீண்டால் ஆட்கள் குறைவார்கள். ஆகவே தேவையையும் வண்டி ஓட்டத்தையும் எண்கள் நிலைக்கும்வரை மாறி மாறிக் கணக்கிட வேண்டும். அப்புறம், ஒரு மணி நேரச் சராசரியை நம்பவே நம்பாதீர்கள். ஒரு ரயில் வந்து நின்றதும் 60 பேர் ஒரே நேரத்தில் டாக்சி கேட்பார்கள். அடுத்த சில நிமிடங்களுக்கு ஒருவரும் இருக்கமாட்டார்கள்.